நான் குளித்துவிட்டு வந்த வீடு

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியிடம் வேலை பார்த்தேன். மாதிரிப் பொட்டலங்களோடு ஊர் ஊராகச் சுற்றுவேன். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு.

ஒருமுறை மதுரையிலிருந்து திரும்பியவன், வழக்கம்போலப் பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைக் குளியலறைக்குள் நுழைந்தேன். சோப்பு வேறாக இருந்தது. 'நான் இல்லாதபோது எதையாவது மாற்றிவிடுகிறாள்' என்று முனகிக்கொண்டே குளித்தேன். கொடியில் கிடந்த துண்டால் தலை துவட்டியபடி, "ஒரு சாயா!" என்று கூவினேன்.

சாயா வந்தது. கொண்டுவந்தவள் என் மனைவி சரசு அல்ல.

இருவரும் பேயறைந்தாற்போல நின்றோம். "சரசு எங்கே?" என்றேன்.

"சரசு சேச்சியா? அவங்க வீடு மாறி ஒரு வாரமாச்சே! கடுதாசி போட்டாங்களே?"

லாட்ஜ் லாட்ஜாக மாறிய எனக்கு அது எங்கே கிடைக்கும்? "என் குரல்கூடவா வித்தியாசமாகத் தெரியவில்லை?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "எங்க சேட்டனுக்கும், அதான் என் வீட்டுக்காரருக்கும், டூர் வேலைதான். இந்த வீட்டைப் பேசி முடிச்சுட்டுப் போனவர், அவர் குரல் கேட்டே ஒரு மாசமாச்சு. சூடு ஆறதுக்குள்ள குடிங்க, நானே கொண்டுபோய் விடறேன்."

இரண்டு தெரு தள்ளியிருந்த புது வீட்டு வாசலில் என்னைப் பார்த்த சரசு, கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் தோளைக் காட்டி, "அது யார் துண்டு?" என்றாள்.

சோப்பு மாறியது தெரிந்த எனக்கு, வீடு மாறியது தெரியவில்லை. அன்றிலிருந்து ஊர் திரும்பினால் முதலில் வாசலில் நின்று, "சரசு!" என்றுதான் கூப்பிடுகிறேன்.