என் தொண்டையைத் திருடிய கம்ப்யூட்டர் சென்டர்

இன்று மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். திரையில் கட்டளை பிளாக்குகளை இழுத்து அடுக்கி கேம் செய்யும் வகுப்பில் மகள் கயலைச் சேர்க்கலாமா என்று விசாரிக்கத்தான்.

"எங்க ஸ்டூடண்ட்ஸ் பண்ணுன கேம் பாருங்க மேடம்" என்று வரவேற்பில் இருந்தவர் திரையைத் திருப்பினார்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கேம். நாற்று மூழ்குவதற்குள் மடையை அடைக்க வேண்டும். அவர் அடைக்கத் தவறினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் கத்தினாள்:

"ஏ கயலு! மடைய அடைடி, நாத்து முழுகுது!"

அது என் குரல்.

கயல் வீட்டிலேயே செய்து, என்னைக் கத்தச் சொல்லிப் பதிவு செய்து, இப்படி கேம் செய்பவர்களுக்கான இணையதளத்தில் எல்லோருக்கும் பகிர்ந்த கேம் அது. அங்கே யார் செய்ததையும் எடுத்து மாற்றலாம், ரீமிக்ஸ் என்று பெயர். ஆனால் முதலில் செய்தவர் பெயர் கூடவே இருக்கும். இவர்கள் அதைத் துடைத்துவிட்டுத் தங்கள் லோகோவை ஒட்டியிருக்கிறார்கள்.

"இது எம் பொண்ணு செஞ்சதுங்க."

"ஒரே ஐடியா நிறைய பேருக்கு வரும் மேடம்."

ஐடியா வரும். என் தொண்டையுமா வரும்?

வந்ததே கோபம்! அங்கேயே நின்று அதே வரியை இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தினேன். வகுப்பிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "டேய், கேம்ல வர்ற ஆன்ட்டிடா!" என்றார்கள்.

அவர் அவசரமாகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கயல் பெயரைப் போடும்வரை தினமும் போய்க் கத்துவதாக இருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் நல்ல தொண்டை உள்ளவர்கள் யாராவது கூட வருகிறீர்களா?