டயல் வைத்துப் பார்த்தார்கள்

ராக்கனின் காதைப் பற்றி அன்னவாசல் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சந்தைக்கு வந்த இடத்தில் கரண்ட் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டாராம். "மூணாவது பேரிங்குக்கு எண்ணெய் பத்தல" என்று அலறிக்கொண்டு, வாங்கிய கத்திரிக்காயை அங்கேயே கொட்டிவிட்டு ஆலைக்கு ஓடினாராம். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே எண்ணெய் பத்தவில்லையாம். இது சுத்தப் பொய். கத்திரிக்காயை அவர் கொட்டவில்லை, கையோடு கொண்டுபோனார்.

ஆலை என்பது மின் ஆலை. அன்னவாசலுக்குத் தெற்கே தைலமரக் காட்டுக்கு நடுவில் ஒரு கம்பெனி கட்டியது. மரத்தையும் கடலைத் தோலையும் எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் வேகத்தில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுப்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் பிளான்ட். முதன்முதலில் பாய்லர் வால்வு திறந்து ஆவி சீறிய அன்றைக்குச் சித்தன்னவாசல் மலையடியில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடிப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றன என்று சொல்வார்கள். அவற்றில் இரண்டு டவுன் பஸ் ஏறித் திரும்பி வந்தனவாம். கண்டக்டர் பெயர் மட்டும் யாருக்கும் நினைவில்லை.

ராக்கன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். வெளியூர்ச் சர்க்கரை ஆலை ஒன்றில் டர்பைன் பக்கத்தில் எண்ணெய்த் துணியோடு சில வருஷம் நின்று தொழிலைப் பழகிக்கொண்டு, சொந்த ஊர்ப் பக்கம் பிளான்ட் வருகிறது என்றதும் ஓடி வந்து சேர்ந்தார். டர்பைன் ஆபரேட்டர் என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிற வேலை என்று நம்பிப் பெண் கொடுத்தவர் அவருடைய மாமனார். மாப்பிள்ளை தீபாவளிக்குக்கூட மேலெல்லாம் எண்ணெய் வாசனையோடு வந்து நின்ற பிறகுதான் மனிதருக்கு விஷயம் புரிந்தது.

டர்பைனின் நடு எலும்பு ஒரு நீண்ட எஃகுத் தண்டு. ரோட்டார் என்பார்கள். குளிர்ந்து கிடக்கிற தண்டின் மேல் கொதிக்கிற ஆவியை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் தண்டு கூன் போட்டுவிடும். தலைமுடி அளவு கூன் போதும், முழு வேகத்தில் சுழலும்போது கட்டடமே ஆடும். அதனால் துளித் துளியாக ஆவி விட்டு, மெல்ல உருட்டி, சூடு பரவும்வரை காத்திருக்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். சீராக உலை கொதிக்கிற சத்தம் வந்தால் மேலே போகலாம். பல்லில் கல் கடிபட்டதுபோல் ஒன்று கேட்டால் நிறுத்த வேண்டும். மீட்டர்கள் இருந்தன. இருந்தாலும் ராக்கன் கேட்டுச் சொன்னால்தான் அடுத்த வால்வு திறக்கும்.

பாய்லர் பக்கம் அவருடைய கூட்டாளி திருப்பதி. நெருப்பின் நிறம் பார்த்து விறகு தள்ளுவதும், பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பதும் அவன் வேலை. அந்தக் குழாய் நிறைந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது, காலியாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். அடியில் இருக்கும் குழாயைத் திறந்து வடித்துவிட்டு, தண்ணீர் மறுபடி ஏறுகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவன் நின்றால் மறுநாள் பிளான்ட்டைப் பக்கத்துத் தாலுகாவில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டர்பைன் ஓடி விளக்கு எரியும்வரைக்கும் 'ஓடும்' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது. எப்போது ஓடும் என்று கேட்கவும் கூடாது. தேங்காய்கூட ஓடிய பிறகுதான் உடைப்பார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு இன்ஜினியர் விருந்தாளிகளிடம் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓடிடும்" என்றாராம். சொல்லி வாய் மூடுவதற்குள் எண்ணெய் பம்ப் புகைந்துபோனது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அந்தப் பேச்சே கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

கஜா புயலில் மாவட்டமெங்கும் சாய்ந்த மரங்கள் வந்து குவிந்தபோது பிளான்ட் இரவு பகலாக எரிந்தது. அந்த மரம் தீர்ந்தது. பிறகு விறகுக்குத் திண்டாட்டம், கொரோனாவில் பூட்டு, அப்புறம் சூரிய மின்சாரம் மலிவு என்று கம்பெனி மறுபடி பற்றவைக்கவே இல்லை. ஆட்களை அனுப்பிவிட்டார்கள். திருப்பதி பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில் பாய்லர் வேலைக்குப் போனான். மற்றவர்கள் வளைகுடாவுக்கும் ஓசூருக்கும் சிதறினார்கள். காவலுக்கு ஒருவர் வேண்டும் என்று ராக்கனை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் முத்துராமன் சென்னைக்குப் போகிறபோது கார் கண்ணாடியை இறக்கி, "ரோட்டாரை அப்பப்ப திருப்பி விடுங்க, துருப் பிடிக்காம" என்றார். அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. ராக்கன் அதையே பிழைப்பாக ஆக்கிக்கொண்டார்.

தினமும் காலையில் கைப்பம்பை அடித்து எண்ணெயைப் பேரிங்குக்கு ஏற்றுவார். நீளக் கம்பியை மாட்டித் தம் பிடித்து ரோட்டாரை அரைச்சுற்று திருப்புவார். நேற்று நின்ற பக்கம் இன்றைக்கு நிற்கக்கூடாது என்று சாக்பீஸால் அடையாளம் போடுவார். உள்ளே ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்த மணிகள் நீலமாக இருக்கும், ஈரம் குடித்தால் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வறுத்தால் மறுபடி நீலமாகும். வறுப்பது அவர் மனைவி பிரகதாம்பாள்.

"ஊர்ல பொண்டாட்டிமாரு கடலை வறுக்கிறாளுக, நான் கல்லு வறுக்கிறேன். உப்புக் காரம் எதும் போடணுமாங்க?" என்பாள்.

"கருக விட்டுறாத."

"ஆமா, கருகுனா டர்பைனு சோறு திங்காது பாருங்க."

ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த அவளுடைய சித்தப்பா அதைக் கல்கண்டு என்று நினைத்து ஒரு பிடி வாயில் போடப் போனதும், பிரகதாம்பாள் அவர் கையில் கரண்டியால் ஒன்று போட்டதும் தனிக்கதை. அந்தச் சிரிப்பெல்லாம் முதல் இரண்டு வருஷம்தான். அப்புறம் அவள் ஒன்றும் சொல்லாமல் வறுத்தாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போனார். கூரைத் தகரம் ஒவ்வொன்றாகக் காற்றில் போனது. பாய்லரின் புகைக்கூண்டுக்குள் ஆந்தை குடியேறியது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே டர்பைன் மேல் மட்டும் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அந்த டர்பைன் என்றைக்காவது இதே இடத்தில் ஆவி வாங்கிச் சுழல வேண்டும், பழைய ஆட்கள் வந்து அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். ராக்கனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

போன ஆவணியில் முத்துராமன் ஒரு காரில் வந்தார். கூட இரண்டு பேர். ஒருவர் கையில் டயல் கேஜ் இருந்த பெட்டி. ரோட்டாரில் கூன் இருக்கிறதா என்று பார்க்கிற முள் அது. பிளான்ட்டில் அவர் இருந்த காலமெல்லாம், பற்றவைப்பதற்கு முன்னால்தான் அதை வெளியே எடுப்பார்கள்.

தார்ப்பாயை அவரே அவிழ்த்தார். எண்ணெய் ஏற்றினார், கம்பியை மாட்டித் திருப்பினார். முள் கண்ணிமை துடித்த அளவுதான் ஆடியது. பெட்டி கொண்டுவந்தவர் குழாய் கேமராவை உள்ளே விட்டு பிளேடுகளைப் பார்த்தார். பிறகு ராக்கனின் தோளில் கை வைத்தார்.

"நேத்து நிறுத்துன மெஷின் மாதிரி இருக்கே, பெரியவரே. யாரு பாத்துக்கிட்டது?"

"நாந்தாங்க."

முத்துராமன் வேறு பக்கம் பார்த்தார். ராக்கன் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிரகதாம்பாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்ப ஓடப் போகுதாம்?"

"அடியே! வாயக் கழுவு."

"சரி, சொல்லல. பாய்லர மேல ஏறிப் பாத்தாகளா?"

"அங்கிட்டுப் போகல. அது பெறகு பாப்பாங்க."

"என்னாண்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"ஒனக்கு இந்தத் தொழில் தெரியாது" என்று சொல்லிவிட்டு ராக்கன் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பெருந்துறையில் திருப்பதி எடுத்தான்.

"டயல் வச்சுப் பாத்துட்டாங்கடா" என்றார்.

"முள்ளு?" என்றான் திருப்பதி.

"அசையலடா."

"வாரேண்ணே" என்றான். அவனும் எதுவும் கேட்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். பட்டறை முதலாளி, போனால் திரும்பி வராதே என்று சொல்லித்தான் அனுப்பினாராம். "போய்யா, ஓன் பாய்லரும் நீயும்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான். உண்மையில் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வந்திருப்பான், அவன் சுபாவம் அப்படி. வந்த அன்றைக்கே பாய்லர் டிரம்முக்குள் தலையை விட்டுத் துருவைச் சுரண்ட ஆரம்பித்தான். மத்தியானம் பிரகதாம்பாள் சோறு கொண்டுவந்தபோது கரிப்பூச்சாக வெளியே வந்தான்.

"மதினி, என்னயத் தெரியுதா?"

"பல்லு தெரியுது. மத்தத நீயாத்தான் சொல்லணும்."

பல வருஷம் கழித்து அந்தக் கூடத்தில் மூன்று பேர் சிரித்தார்கள். ஆந்தை பறந்துபோனது.

புரட்டாசி மழைக்கு முன்னால் ஒரு காலை, காட்டுப் பாதையில் பெரிய டிரெய்லர் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் கிரேன். ராக்கன் கேட்டைத் திறந்துவிட்டு, என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். டிரெய்லர் காலியாக இருந்தது.

முத்துராமன் காரிலிருந்து இறங்கினார். "டர்பைன் செட்ட ஒடிசாவுல ஒரு கம்பெனிக்குக் குடுத்தாச்சு, ராக்கன். மத்ததெல்லாம் பழைய இரும்புக்குப் போகுது. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், வேலை அவசரத்துல விட்டுப்போச்சு."

டிரம்முக்குள்ளிருந்து சுரண்டுகிற சத்தம் நின்றது. திருப்பதி கையில் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

டயல் வைத்துப் பார்த்தவரும் வந்திருந்தார். நல்ல மனிதர். ராக்கனைக் கண்டதும் சிரித்தபடி வந்தார். "நாங்க மூணு எடத்துல பாத்தோம் பெரியவரே. எல்லாம் இறுகிப்போய்க் கெடக்கு. இது மட்டுந்தான் வாங்குற கண்டிசன்ல இருந்துச்சு. எல்லாம் உங்க கைராசி."

அவர் நகர்ந்த பிறகு திருப்பதி மெதுவாகக் கேட்டான். "அப்ப நீ திருப்பாம இருந்திருந்தா இத வாங்கியிருக்க மாட்டாய்ங்க."

"மாட்டாங்க."

"இங்கயே கெடந்திருக்கும்."

"துருப்பிடிச்சுக் கெடந்து என்னடா பண்ண?"

"கெடந்திருக்கும்லண்ணே" என்றான் திருப்பதி.

கிரேன்காரர்கள் சங்கிலி மாட்ட ஆரம்பித்தார்கள். ரோட்டார் நகராதபடி இறுக்கிக் கட்டாமல் தூக்கினால், லாரி குலுங்குகிற குலுக்கலில் அது முன்னும் பின்னும் இடித்துப் பேரிங் நசுங்கிவிடும். அவர்களுக்கு அது தெரியவில்லை. ராக்கன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு போனார்.

"விடுண்ணே. நசுங்கிட்டுப் போகட்டும்" என்றான் திருப்பதி.

"அது என்னடா பண்ணுச்சு?"

"நாம என்ன பண்ணோம்?"

ராக்கன் கட்டைகளை அடித்து இறுக்கினார், டர்பைனின் குழாய் வாய்களையெல்லாம் துணி வைத்து அடைத்தார். எந்த இடத்தில் சங்கிலி பிடிக்க வேண்டும் என்று காட்டினார். ஒழுங்காக ஏற்றிக் கொடுத்தார். டிரெய்லர் போன பிறகு தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட்டும் இருந்தன. முத்துராமன் சாவியை வாங்கிக்கொண்டார்.

பெருந்துறையில் திருப்பதியின் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் எங்கேயாவது விசாரிக்கிறேன் என்று பெட்டியை எடுத்துக்கொண்டான். ராக்கன் அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது ராக்கனின் போன் அடித்தது. அசாருதீன். பழைய பிளான்ட்டில் கன்ட்ரோல் ரூம் பார்த்தவன், இதே அன்னவாசல்காரன். ஐந்தாறு வருஷமாகக் கத்தாரில் ஒரு மின் நிலையத்தில் இருக்கிறான்.

"அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். திருச்சியில எறங்கிட்டேன்!"

"திருச்சியிலயா? லீவாடா?"

"என்ன லீவு? முடிச்சிட்டு வந்துட்டேன்ல. டயல் வச்சுப் பாத்தாச்சுண்டு திருப்பதி போன் போட்டாப்ல. முள்ளு அசையலயாமே. அதுக்குமேல நா எதுவும் கேக்கல, எனக்குத் தெரியாதா? காண்ட்ராக்ட்ட முறிச்சதுக்கு அங்க உள்ள மேனேஜருக்கு ஒரே கோவம். போங்கடாண்டு வந்துட்டேன். வண்டி புடிச்சிட்டேன், வீட்டுக்குக்கூடப் போகல, நேரா பிளான்ட்டுக்கு வாரேன். கேட்டத் தொறந்து வைங்கண்ணே."

ராக்கன் திருப்பதியைப் பார்த்தார். திருப்பதி தரையைப் பார்த்தான். "சந்தோசத்துல சொல்லிப்புட்டேண்ணே" என்றான்.

"அண்ணே? கேக்குதா?" என்றது போன்.

"கேக்குது தம்பி" என்றார் ராக்கன். "வா. பாத்து வா" என்றார்.

பஸ் வந்தது. திருப்பதி ஏறவில்லை. நானும் நிற்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நீ போ, போற வழியைப் பார் என்று ராக்கன் அவனைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ராக்கன் திருச்சியிலிருந்து வருகிற சாலைக்கு நடந்தார். பிளான்ட்டுக்குத் திரும்புகிற முனையில் நின்றுகொண்டார். அசாருதீன் கேட்டுவரைக்கும் போய், உள்ளே பார்த்துவிடக் கூடாது. அதற்குமுன் நிறுத்திச் சொல்லிவிட வேண்டும். வருகிற ஒவ்வொரு காருக்கும் கையைத் தூக்கினார். யார் யாரோ நிறுத்தி எங்கே போகணும் என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை, போங்க என்றார்.