இரண்டு கைகளும் நல்ல நிலையில்

என் அம்மாவுக்கு இரண்டு கைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று ஒரு முறை எங்கள் வீட்டுக்குத் தபாலில் கடிதம் வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் கடிதத்தை என்னிடம் கொடுத்தார்கள். ‘மேற்படி’, ‘நிராகரிக்கப்படுகிறது’ போன்ற சொற்களில்கூடத் திக்காமல் கடைசிவரை படித்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கையான என் அத்தை வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடிதத்தை அனுப்பியது காரைக்காலில் கோவில்பத்துக்கு அப்பால் இருந்த ஓர் அரிசி ஆலை. எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அம்மா அங்கே களத்து வேலை பார்த்தாள். அவித்த நெல்லைக் காலால் தள்ளிக் காயவைப்பதும், இயந்திரத்தடியில் சேரும் தவிட்டையும் உமியையும் கூட்டி அள்ளுவதும் வேலை. அவள் பெயர் நிரந்தர ஆட்கள் பதிவேட்டில் இருந்தது. மாட்டு வண்டி ஓட்டிய அப்பாவுக்கு லோடு கிடைத்தால்தான் அன்றைக்கு வேலை என்பதால், அந்தப் பதிவேட்டுப் பெயரை எங்கள் வீட்டில் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார்கள். தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஆகவே அம்மாவுக்கு முடியாத நாட்களில், புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தை அம்மாவின் பெயரில் போய் வேலை செய்துவிட்டு வருவாள். களத்தில் பாதிப் பேர் வீட்டிலும் இதுதான் நடைமுறை. மேஸ்திரிக்கும் தெரியும். அவருக்கு ஆள் வந்தால் சரி.

அம்மா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், உமி கூட்டிக்கொண்டிருந்த அத்தையின் முந்தானையை இயந்திரத்தின் பெல்ட் இழுத்தது. முந்தானையை விடுவிக்கப் போன வலது கையில் மூன்று விரல்கள் போயின. மேஸ்திரிதான் அவளை லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பேர் என்ன என்று அங்கே கேட்டபோது, அன்றைய வருகைப் பட்டியலில் என்ன இருந்ததோ அதையே சொன்னார். அத்தைக்கு அப்போது நினைவு தப்பியிருந்தது. இப்படியாக, விரல் போனது அத்தைக்கு. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் விரல் இழந்தவள் என் அம்மா.

முதலாளி ஏதாவது செய்வார், பொறுத்திருங்கள் என்றார் மேஸ்திரி. பொறுத்திருந்தோம். அம்மா காய்ச்சல் தெளிந்து வேலைக்குப் போனாள். பல மாதம் கழித்து, யாரோ சொன்னதைக் கேட்டு அத்தை பெயரில் நஷ்டஈடு கேட்டு ஆலைக்கு மனுக் கொடுத்ததில்தான் இந்தப் பதில் வந்தது. மனுதாரர் எங்களிடம் எந்நாளும் வேலை பார்த்தவர் அல்ல. அன்றைய தேதியில் வேலை பார்த்தவர் இன்னார். அவர் இரண்டு கைகளும் நல்ல நிலையில் இன்றும் பணிக்கு வந்துகொண்டிருக்கிறார்.

“பெரிய இடம். போனது போச்சு, விடுங்க” என்றார் அப்பா. அவர் எதையுமே அப்படித்தான் விடுவார்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் விதவை ஒருவர் இருந்தார். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். வருஷா வருஷம் அதிகாரி முன்னால் போய் நின்று, தான் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் பிரான்ஸைப் பொறுத்தவரை அவர் செத்தவர். அதனால் ஆபீஸ், காகிதம் என்றால் அவருக்குப் பயமில்லை. அம்மா என்னையும் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள். மறுபடியும் திக்காமல் படித்தேன்.

“இது மில்லுக்காரன் சொல்றது. சர்க்கார் சொன்னதில்ல” என்றார் மதாம். “அவன் இல்லேன்னா இல்லேன்னு ஆயிடுமா? ஆஸ்பத்திரியில அங்க அடையாளம்னு எழுதியிருப்பாங்க. என் மூஞ்சியப் பாத்து உசுரோட இருக்கேன்னு எவனும் ஒத்துக்கிறதில்ல. மோவாய்ல இருக்கிற மச்சத்தப் பாத்துத்தான் ஒத்துக்கிறான். போயி நகல் வாங்குங்க.”

நகல் வாங்க நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். ஒரு நாள் எழுத்தர் விடுப்பு. ஒரு நாள் பதிவேடு இருந்த அலமாரியின் சாவி விடுப்பு. கடைசியில் கிடைத்த காகிதத்தில் அம்மாவின் பெயருக்குக் கீழே, ‘இடது புருவத்தின் மேல் பழைய தழும்பு’ என்று இருந்தது. அம்மாவின் நெற்றி வழவழவென்றிருக்கும். சிறு வயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பு அத்தைக்குத்தான் உண்டு.

அதை எடுத்துக்கொண்டு காரைக்கால் லேபர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி இளவயதுக்காரர். காகிதத்தை இரண்டு தரம் படித்தார். மில் மறுத்துவிட்டால் பாண்டிச்சேரியில் இருக்கும் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனரிடம் வழக்குப் போடலாம் என்றும், அதற்குக் காலக்கெடு உண்டு, நாள் கடத்தக் கூடாது என்றும், ஊனம் எவ்வளவு என்று டாக்டர் சான்று தர வேண்டும் என்றும் நிதானமாகச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“இதுல ஒரு சங்கடம் இருக்கும்மா. உங்க பேர்ல அவங்க வேலைக்குப் போனாங்கன்னு நீங்களே வந்து சொல்லணும். வேற சாட்சி கிடைக்காது. சொன்னா மில்லுல என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.”

மில்லில் என்ன பண்ணுவார்கள் என்று நானும் யோசித்தேன். திட்டுவார்கள் என்று தோன்றியது. அம்மா திட்டுக்கெல்லாம் அசருகிறவள் இல்லை.

வெளியே வந்ததும் அத்தை நின்றுவிட்டாள். “வேணாம் அண்ணி. எனக்குப் போன கை போனதாவே இருக்கட்டும்.”

“பேசாம வா. வெயிலு ஏறுது” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு பாண்டிச்சேரிக்கு எத்தனை முறை போனோம் என்று எனக்குக் கணக்கில்லை. ஊர்ப் பெயரும் பலகையும் படிக்க ஆள் வேண்டும் என்பதால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்துக் கூட்டிப்போவார்கள். விடியலில் பஸ் ஏறினால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று மாறி மாறி, எலும்பெல்லாம் குலுங்கி, மதியத்துக்குள் போய்ச் சேருவோம். போனால் மில் வக்கீல் வரவில்லை. இன்னொரு முறை போனால் கமிஷனர் வெளியூர். அடுத்த மாதத்துக்கு வாய்தா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். ஒரு முறை மட்டும் கடலைக் காட்டினார்கள். நம் ஊர்க் கடல்தான், ஓரத்தில் கல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு அத்தை சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த சமயம், காரைக்காலில் கிடையாது. பூவம் தாண்டி எல்லையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறி மூட்டைகளைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு போலீஸ்காரர் அத்தையின் பக்கத்தில் நின்றார். அவள் எப்போதும்போல வலது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

“உள்ள என்ன? எடு வெளில.”

அத்தை எடுக்கவில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் குரல் உயர்ந்தது. அத்தை மெதுவாக முந்தானையைப் பிரித்துக் கையை அவர் முன்னால் நீட்டினாள். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்த கை. அவர் இறங்கிப் போனார். அத்தை சிதம்பரம் வரைக்கும் கையை மறுபடி சுற்றவே இல்லை, மடியில் திறந்தபடியே கிடந்தது. அம்மா அதன்மேல் தன் கையை வைத்திருந்தாள்.

ஒரு வழியாக விசாரணை வந்தது. நீதிமன்றம் மாதிரி ஒன்றுமில்லை. ஒரு பெரிய மேஜை, சுற்றி நாற்காலிகள், அவ்வளவுதான். முதலில் மேஸ்திரியைக் கேட்டார்கள். அவர் காற்றாடியைப் பார்த்தபடி, “இந்தப் பொம்பளைய நான் பாத்ததே இல்லீங்க” என்றார். ரத்தம் ஒழுக அவளை லாரியில் தூக்கிப் போட்ட மனிதர்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். மில் வக்கீல் அவளுடைய இரண்டு கைகளையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தாள். நகக்கண்ணெல்லாம் தவிட்டு நிறம்.

“பத்து விரலும் இருக்கு. பதிவேட்டுல இருக்கிற ஆள் இவங்கதான். அப்புறம் விபத்து எங்க நடந்துச்சு?” என்றார் வக்கீல்.

கமிஷனர் ஆஸ்பத்திரி நகலைப் பார்த்துவிட்டு அத்தையை ஜன்னல் பக்கம் வந்து நிற்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் புருவத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா” என்றார்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், நாலு நாள் கெடு, அத்தை போனது, மேஸ்திரிக்குத் தெரிந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அப்போ ஆள் மாறாட்டம் பண்ணிக் கூலி வாங்கியிருக்கீங்க. அதை நீங்களே ஒத்துக்கிறீங்க” என்றார் வக்கீல்.

“வேலை ஒரு நாளும் நிக்கலீங்க. யாரு கை செய்யுதுன்னு அப்ப யாரும் கேக்கலீங்க.”

வக்கீல் எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டதைப் பார்த்து, அம்மா நன்றாகப் பதில் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் மேஸ்திரியும் இருந்தார். காரைக்காலுக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான். நல்ல கூட்டம். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “உக்காரும்மா” என்று அத்தைக்கு இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை உட்கார்ந்தாள். பார்த்ததே இல்லை என்றவர் எதற்கு இடம் கொடுக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். “கால் வலிச்சா உக்காரணும், அவ்வளவுதான்” என்றாள்.

தீர்ப்பு வர மேலும் ஏழெட்டு மாதம் ஆனது. மேஸ்திரிக்குத் தெரிந்து வேலை வாங்கியபின் அவள் தொழிலாளி இல்லை என்று சொல்ல முடியாது என்று கமிஷனர் எழுதியிருந்தார். அதையும் நான்தான் படித்தேன். பணம் இழுத்தடித்து வந்தது. அத்தை அதை அம்மா முன்னால் வைத்தாள், அம்மா தொடவில்லை. கொஞ்ச நாள் அது சாமி மாடத்தில் யாருடையதும் இல்லாமல் கிடந்தது. பிறகு ஒரு கறவை மாடு வந்தது. அதை இருவரும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி கறப்பாள்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது, விசாரணை முடிந்து வந்த அடுத்த திங்கட்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தால் வீட்டில் அம்மா இருந்தாள். திங்கட்கிழமை மதியத்தில் அம்மாவை வீட்டில் நான் பார்த்ததே கிடையாது. எப்போதும் காலையில் வடித்து மூடி வைத்த சோறுதான். அன்றைக்குச் சுடச்சுட வடித்து, அப்பளம்கூடப் பொரித்திருந்தாள். காலையில் வேலைக்குப் போனவள் அரை மணியில் திரும்பிவிட்டாள் என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு வண்டி மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார்.

“நாளைக்கும் இருப்பியா அம்மா?”

“இருப்பேன்.”

“நாளன்னிக்கி?”

“அப்பவும் இருப்பேன். சாப்பிடு.”

அத்தை தட்டின் முன்னால் உட்கார்ந்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட எடுக்கவில்லை. பசி இல்லை போலிருக்கிறது என்று அவள் பங்கு அப்பளத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். கை கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப ஓடினேன். மணி அடிப்பதற்குள், எங்கள் கேஸ் ஜெயித்துவிட்டது, மில்லில் என் அம்மாவுக்கு இனிமேல் தினமும் லீவு கொடுத்துவிட்டார்கள் என்று என் பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன்.