கமராவுக்கு வைத்த பொட்டு

அந்தக் கமராவுக்கு என் மகனைவிட ஐந்து வயது கூட. கட்டாரில் சாரதியாக இருந்த என் கணவரின் வண்டியில் போய்வரும் என்ஜினியர் ஒருவர், புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை இவரிடம் கொடுத்துவிட்டார். விடுமுறையில் ஊர் வந்த ஒரு நண்பரின் கையில் அது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வயர், ஒரு சீடி, ஆங்கிலத்தில் ஒரு கையேடு. அப்போது மகன் பிறந்து இருபது நாள். என் கணவர் விமானம் ஏறும்போது அவன் என் வயிற்றில் ஐந்து மாதம்.

பத்து மாதங்களில் முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். கமராவுக்குள் இருந்த மெமரி கார்டில் அதற்குமேல் இடமில்லை. பிஸ்கட்டைவிட மெல்லிய கறுப்புத் தகடு அது. குளிப்பாட்டும் சிவப்பு பேசினுக்குள் மகன் பிடிமானம் இல்லாமல் முதன்முதலாக உட்கார்ந்தது, கோயிலில் மொட்டை போட்டது, கீழ்ப்பல் இரண்டும் தெரிய அழுதது எல்லாம் அதில்தான் இருந்தன. அவனுடைய அப்பா ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மழை, அவனுக்குச் சளி, எனக்குப் பள்ளிக்கூடம் என்று நாளைக் கடத்தினேன். உண்மையான காரணம் வேறு. அனுப்பப்போய் ஏதாவது ஆகிவிட்டால்? அவன் இன்னொரு தரம் பத்து மாதக் குழந்தையாக இருக்க மாட்டானே.

ஒரு நாள் மஸ்கெலியா கடையொன்றுக்குப் போன் எடுத்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை விடிய எங்கள பாலைவனத்துப் பக்கம் ஏத்துறாங்க. ஆறு மாசம். அங்க நெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை நம்ம நேரம் அஞ்சு மணிக்கு நெட் கடையில இருப்பேன். எப்படியாச்சும் அனுப்பிரு."

"எல்லாம் பத்திரமா இருக்குங்க. கட்டாயம் அனுப்புறேன்," என்றேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஒரு பக்கத்தில் கார்டின் படமும் அதன்மேல் ஒரு வட்டமும் போட்டிருந்தது. பெட்டிக்குள் கிடந்த வெள்ளி நிற ஸ்டிக்கரை அந்த வட்டத்தில் ஒட்டிவிட்டால் கார்டில் உள்ளதை யாரும் தவறிப்போய் அழிக்க முடியாதாம். ஒட்டினேன். சரியான இடம்தானா என்று சந்தேகம் வந்தது. விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்.

மலையிலிருந்து இறங்கிவந்த நாத்தனார் கொழுந்துக் கூடையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். என் கணவருக்குத் தங்கை, வாய்த்துடுக்கு.

"என்னங்க அண்ணி, கேமராவுக்கும் பொட்டு வச்சாச்சா?"

"பத்திரத்துக்குத்தான்."

"புள்ளைக்கு வச்ச கறுப்புப் பொட்டுல கொஞ்சம் இதுக்கும் வைங்க. கண்ணு படாம இருக்கும். டீச்சரு படிச்ச படிப்புக்கு ஒரு போட்டோ அனுப்ப பத்து மாசமா!"

அவள் சொன்னதில் பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, மகனை இடுப்பில் வைத்து ஹட்டன் பஸ் ஏறினேன். பாதி வழியில் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பொட்டே இடைஞ்சலாகி, கணினி கார்டைப் படிக்காமல் போய்விட்டால்? கமராவைத் திறந்து கார்டை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பினேன். பஸ் வளைவில் திரும்பியது. மகன் கையை நீட்டி அதைப் பிடுங்கப் பார்த்தான். வேண்டாம் என்று பயந்து ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டிவிட்டேன்.

ஹட்டனில் போனும் நெட்டும் இருந்த கொமினிகேஷன் கடையை என் வயதுச் சிங்களப் பெண் ஒருத்தி நடத்தினாள். நல்ல சிரித்த முகம். மகனைக் கண்டதும் "தம்பி, வா வா" என்றாள். தமிழில் அவளுக்கு அப்படிச் சில வார்த்தைகள் உண்டு. சிங்களத்தில் எனக்கு பஸ்ஸுக்கும் சந்தைக்கும் போதுமான அளவு உண்டு. அதை வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அவளுடைய கணினி புத்தம் புதியது. திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவள் இன்னும் உரிக்கவில்லை. வயரைச் செருகினோம். கமராவைத் தனக்குத் தெரியாது, சீடியைப் போடு என்றது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த சீடியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு திரை முழுக்க நீலமாகி, தானாக அணைந்து எழும்பியது. இன்னொரு தரம் போட்டோம். இன்னொரு தரம் நீலம்.

"கமரா எக பரணய், அக்கே. மேக அலுத்," என்றாள். கமரா பழையது, இது புதியது. அது எனக்கும் விளங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி.

அவள் கார்டை மட்டும் கேட்டாள். அதை ஒரு சின்னப் பெட்டியின் வாயில் செருகி, அந்தப் பெட்டியின் வயரைக் கணினியில் மாட்டினாள். போன் கூண்டுக்குள் ஒருவர் யாருக்கோ உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். வெளியே லொறியொன்று ஏற்றத்தில் திணறியது. மகன் சிணுங்கினான். திரையில் ஏதோ கேள்வி வந்தது. நான் மகனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததால் அதைப் படிக்கவில்லை. அவள் படித்தாள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"மகன்னத?"

மகனா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். சிங்களத்தில் கேள்வி கேட்கும்போது கடைசியில் 'த' வரும். தமிழ்ச் சொல்லை எடுத்து அந்த வாலை ஒட்டி, இந்தப் படங்களில் இருப்பது உன் மகனா என்று அன்பாக விசாரிக்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

"ஓவ், ஓவ்!" என்றேன். ஆமாம், ஆமாம். அவன் முகம் அவளுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் தூக்கியும் காட்டினேன்.

அவள் ஒரு விதமாக மகனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி மவுஸை அழுத்தினாள்.

அந்த நேரத்தில்தான் என் கண் திரைக்குப் போனது. ஆங்கிலம் எனக்கு வாசிக்க வரும். கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபோர்மட் செய்தால் அதிலுள்ள எல்லாமே அழிந்துபோகும் என்ற எச்சரிக்கை. அவளுடைய விரல் இன்னும் மவுஸின் மேல் இருந்தது. அழுத்தியாகிவிட்டது.

"எப்பா!" என்று கத்தினேன். வேண்டாம் என்பதற்கு அந்தச் சொல். கூண்டுக்குள் இருந்தவர் பேச்சை நிறுத்தினார். மகன் வீறிட்டு அழுதான்.

அவளும் பயந்துபோனாள். "அக்கே ஓவ் கிவ்வனே!" நீங்கள்தானே ஆமாம் என்றீர்கள். வெறும் மேசையை உள்ளங்கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக் காட்டினாள். "மகனவா. மகனவா."

அழிப்பது. அழிக்கட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். தினமும் ஐந்து பாடத்துக்குக் கரும்பலகையை அழிக்கிறவள் நான். அந்த வேலைக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பெற்றவளே பிள்ளையைத் தூக்கிக் காட்டி, அழி என்று சொல்லியிருக்கிறேன்.

அவருக்கு என்ன பதில் சொல்வேன்? பத்திரமாக இருக்கிறது என்று சொன்ன வாய் இது.

"அக்கே," என்று அவள் என் முழங்கையைப் பிடித்தாள். திரையில் வேறொரு பெட்டி வந்திருந்தது. எழுத்துகள் கண்ணீரில் நீந்தின. இரண்டு தரம் வாசித்தேன். இந்தக் கார்ட் பாதுகாக்கப்பட்டுள்ளது, இதில் எதையும் மாற்ற முடியாது.

அவள் கார்டை உருவி என் கையில் வைத்தாள். வெள்ளிப் பொட்டு, நான் நெம்பிய ஓரம் லேசாக மடங்கி, அதே இடத்தில் இருந்தது. கமராவில் போட்டு, சின்னத் திரையைப் பார்த்தேன். சிவப்பு பேசின். மொட்டை. கீழ்ப்பல். முப்பத்தாறும் இருந்தன.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணி ஆகிவிட்டிருந்தது, ஒரு படமும் போகவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. உள்ளறையில் துணி போர்த்திக் கிடந்தது பழைய கணினி, விண்ணப்பங்கள் டைப் செய்ய மட்டும் வைத்திருந்தது. நிறம் மங்கி, தேநீர்க் கறை மாதிரி இருந்தது. அதில் என் சீடியைப் போட்டதும் ஒரு மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. வயரைச் செருகினோம். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆனால் அதற்கு நெட் கிடையாது. பிளொப்பி டிஸ்க்கில் ஏற்றி முன்னறைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பிளொப்பிக்கு மூன்று படம்தான் கொள்ளும்.

மூன்று மூன்றாக எதைத் தெரிவுசெய்வது? பேசின் இல்லாமல் முடியாது, மொட்டை இல்லாமல் முடியாது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்ட குற்றம். முதல் பிளொப்பி சரி. இரண்டாவது கரகரத்து, படிக்க முடியாது என்றது. மூன்றாவதும் கெட்டது. நாலாவது சரி. மகன் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான். அவள் ஈமெயிலில் படங்களை இணைக்க, நான் ஒற்றைக் கையால் ஆங்கில எழுத்தில் தமிழ் டைப் செய்தேன்: இந்த நம்பருக்குப் போன் எடுங்க. சுவரில் இருந்த கடை நம்பரைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது ஆறு படங்களும் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது. அதையும் இரண்டு தரம் வாசித்தேன்.

ஐந்து மணி. ஐந்தேகால். பஸ் போய்விடுமோ என்று வாசலைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக நின்றேன். ஐந்து இருபதுக்கு மணி அடித்தது. அவள் எடுத்து, ஒரு சொல் கேட்டுவிட்டு, ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

முதலில் இரைச்சல் மட்டும். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அந்த மொட்டை..." என்றார். "மகனா அது?"

நாக்கு நுனிவரை வந்த ஆமாமை நிறுத்திக்கொண்டேன்.

"என்ன கேட்டீங்க? இன்னொருக்கா சொல்லுங்க," என்றேன்.