வெர்லீன் கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டி

வெர்லீன் ஹாட்ச் தன் அறுபத்தொரு வயதில் ஒரு வாய் காபி கூடக் குடித்ததில்லை. அவளுடைய மார்மன் கிறிஸ்தவ சபையில் அது கூடாது. பீர் ஊற்றுகிற கல்யாணம் என்றால் வாசலிலேயே பரிசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள், பதினான்காம் எண் வண்டி. வெங்காய வயல்களுக்கு நடுவே எந்தத் திருப்பத்தில் எந்த வீட்டுப் பிள்ளை தூங்கி விழும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் மேல் கஞ்சா வழக்கு. எங்கள் ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டு அலமாரியிலும் அதே பாட்டில்தான் இருந்தது.

எல்லாம் கை வலியில் தொடங்கியது. பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி, விரல் மூட்டுகள் காலையில் மடங்க மறுத்தன. "பேசாம வேலைய விட்டுடு" என்றான் புருஷன் டுவெயின்.

"விட்டுட்டு? நாள் பூரா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றாள்.

யாரோ சிபிடி எண்ணெய் சொன்னார்கள். ஹெம்ப் என்கிற, போதை ஏற்றாத கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது. நாக்கடியில் நாலு சொட்டு விட்டால் விரல்கள் பேச்சைக் கேட்டன. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரிகன் மாநிலம். அங்கே அதை மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்து அடுக்கிலேயே வைத்து விற்பார்கள். ஆயிரத்தில் மூன்று பங்கு போதைச் சத்து இருக்கலாம் என்பது அந்தக் கரைச் சட்டம். எங்கள் இடாஹோவில் அது ஒரு துளி இருந்தாலும் கஞ்சாதான். பாலத்தின் நடுவில் யாரோ கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கம் மருந்து, இந்தப் பக்கம் குற்றம். இதை எழுதியவர்களுக்கு ஒருநாளும் கை வலித்திருக்காது.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அக்கரைக் கடையின் வண்டி நிறுத்தத்தில் ஒரு நீலக் குப்பை டிரம் நிற்கும். காரில் ஏறுவதற்கு முன் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பாட்டிலில் ஒட்டிய தாளை நகத்தால் உரித்து, ரசீதோடு சேர்த்து அதில் போட்டுவிட்டுத்தான் பாலம் ஏறுவோம். வெர்லீனும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்காரும்போது நெஞ்சு உறுத்தும்; திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடித்ததும் மறந்துபோகும்.

அந்த ஜூலையில் பள்ளிக்கூட நர்ஸ் ஒரு விஷயம் சொன்னாள். போதைச் சத்து அறவே நீக்கிய எண்ணெயும் இருக்கிறது, அதற்கு இடாஹோவில் தடையில்லை. விலை இரட்டிப்பு. வெர்லீன் யோசிக்கவே இல்லை, அன்றே அக்கரைக் கடைக்குப் போய் வாங்கினாள். "உள்ள, போதைச் சத்து இல்லைங்கறதுக்குப் பரிசோதனைத் தாள் இருக்கு, பத்திரமா வெச்சுக்கோங்க" என்றாள் கடைப் பெண். வெர்லீன் தலையாட்டினாள். வெளியே வந்தாள். கை தன் பாட்டுக்கு அட்டையைக் கிழித்தது, தாளை உரித்தது, டிரம்மில் போட்டது. பாலம் தாண்டி ஒரு மைலில்தான் பரிசோதனைத் தாளும் அதோடு போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தது. திரும்பலாமா என்று வேகத்தைக் குறைத்தபோது பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது.

வந்தவன் கோல்பி ஸ்டட்ஸ். அவள் வண்டியில் ஒன்பது வருஷம் பள்ளிக்கூடம் போனவன்.

"மிஸ் வெர்லீன், பின்னாடி ஒரு லைட்டு எரியல."

"ஒரு வாரமா டுவெயின்கிட்ட சொல்றேன். நீ சொன்னாலாவது கேக்கறானா பாப்போம்."

சிரித்தபடி குனிந்தவன் பாட்டிலைப் பார்த்தான். தாளை உரித்தாலும் கண்ணாடியில் அச்சடித்த கஞ்சா இலை உரியவில்லை.

"அது என்ன?" அவன் குரல் இறங்கியது. அவன் சட்டையில் மாட்டிய கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"சிபிடி. கை வலிக்கு. போதைச் சத்து துளிகூட இல்லாததுடா. நம்ம பக்கம் செல்லும்."

"பேப்பர் இருக்கா?"

"கிழிச்சு அங்கயே போட்டுட்டேன்."

"செல்லும்னா எதுக்குக் கிழிச்சீங்க, மிஸ் வெர்லீன்?"

வெர்லீன் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பாட்டில் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. மறுநாள் டுவெயின் டிரம்மைத் தேடிப் போனான். குப்பை வண்டி வந்துபோயிருந்தது. எந்தத் தொகுதியில் வந்த பாட்டில் என்று தெரியாமல் கடைக்காரர்களாலும் தாள் கொடுக்க முடியவில்லை.

அரசு கொடுத்த வக்கீல் மரிசெல் ஒச்சோவா சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. "ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும். பொறுத்துக்குங்க" என்றாள். எதிர்த்தரப்பு வேறொரு வழி சொன்னது: கஞ்சா வழக்கைக் கைவிடுகிறோம், பாட்டிலின் சொட்டுக்குழாயைப் போதைக்கான கருவி என்று ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் முடித்துவிட்டால் வண்டி கையில் இருக்கும் என்று வெர்லீன் கணக்குப் போட்டாள். பழைய இரண்டு வருஷமும் உள்ளே உட்கார்ந்து முணுமுணுத்தது. மரிசெல் தடுத்தும் கேட்காமல் நீதிபதி முன் "ஒப்புக்கொள்கிறேன்" என்றாள். வெளியே வந்தபோது பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

நேரே பள்ளிக்கூட வண்டிகளுக்குப் பொறுப்பான டார்லாவிடம் போனாள். டார்லா காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கேஸ் நடக்குதுன்னா உன்னை லீவுல வெச்சிருப்பேன். ஒத்துக்கிட்டு வந்து நிக்கறியே, வெர்லீன். போதைப்பொருள் குத்தம் ஒத்துக்கிட்டவங்க அஞ்சு வருஷம் பிள்ளைங்க வண்டியத் தொடக் கூடாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கேட்டிருக்கலாம். அவமானத்தில் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் மரிசெல் போன் செய்தாள். "ரிசல்ட் வந்துருச்சு. ஒண்ணுமே இல்ல, சுத்தம். ஒத்துக்கிட்டத வாபஸ் வாங்க மனு போடலாம். வேலையும் திரும்பக் கிடைக்கலாம்."

"அதே பதினாலாம் நம்பர் வண்டியா?" என்றாள் வெர்லீன்.

"ஆனா ஜட்ஜ் சத்தியம் வாங்கிட்டு ஒண்ணு கேப்பாரு. சட்டப்படி செல்லுற சாமான்னா தாளை ஏன் உரிச்சீங்கன்னு. என்ன சொல்வீங்க?"

"ரெண்டு வருஷமா செல்லாதத வாங்கிட்டு வந்தேன். அந்தப் பழக்கத்துல உரிச்சேன்."

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல முடியாது, மிஸஸ் ஹாட்ச். ஆனா இதைச் சொன்னீங்கன்னா பழைய குத்தத்த நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், மனு நிக்காது."

"வேற என்ன நடந்துச்சு, சொல்றதுக்கு?"

"அப்ப..."

"அப்ப போட வேணாம்" என்றாள் வெர்லீன்.

போனை வைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள். பதினான்காம் எண் வண்டியின் சாவியை டார்லா இரண்டு முறை கேட்டும் அவள் கொடுத்திருக்கவில்லை. அதை ஒரு உறையில் போட்டு ஒட்டி, டுவெயினைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். தானே கொண்டுபோய்க் கொடுக்க அவளால் முடியவில்லை.