பூம்பாறை பொன்னுவேலின் கை

பொன்னுவேலின் பெயரை ஞானம்மா முதன்முதலில் கேட்டது ஒரு வசவோடுதான். கொடைக்கானலில் அவள் வேலை பார்த்த லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறக்க முடியாமல் இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "எந்தப் பயடா இத மாட்டுனது?" என்று முதலாளி சேனாதிபதி கத்த, "பூம்பாறை ராக்காயி மகன் பொன்னுவேலுங்க, மூத்தவன்" என்றார் வாட்ச்மேன்.

பூம்பாறையில் பூண்டுக் காடு படிப்படியாக இறங்கும். மேலே தண்ணீர் ஓஸ் கழன்றால் கீழே உள்ள பாத்தி அத்தனையும் கரைந்துபோகும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் எதை மாட்டினாலும் மூச்சைப் பிடித்துத்தான் முறுக்குவார்கள். பொன்னுவேலுக்கும் அதே கை.

ஞானம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். லாட்ஜில் படுக்கை விரிப்புத் துவைக்கிற சோலி. கொடைக்கானல் பச்சைத்தண்ணீரில் கை வெடித்து, சோறு பிசைந்தால் எரியும். எண்பத்து மூன்றில், தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் சேனாதிபதி வாஷிங் மெஷின் ஒன்று வாங்கிப்போட்டார். சாமியே வந்து இறங்கினாற்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் அது கோடை சீசன் நேரம், மற்ற குழாய்க்காரர்களுக்கு ஓயாத வேலை. மாட்டுவதற்குப் பொன்னுவேலை விட்டால் வேறு ஆள் சிக்கவில்லை.

"பலகைத் தரை. ஒரு சொட்டு ஒழுகுனாலும் சாயங்காலம் லாரில ஏத்தி வித்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் சேனாதிபதி.

பொன்னுவேல் சுவரிலிருந்த வால்வில் ஓஸை வைத்து, ஸ்பேனரால் முறுக்கி, தண்ணீரைத் திறந்தான். புஸ்ஸென்று பீச்சியது. இன்னும் முறுக்கினான். இன்னும் பீச்சியது.

"ஏந் தம்பி, அதென்ன கோழிக் கழுத்தா?" என்றாள் ஞானம்மா.

"சும்மா இருங்கக்கா. ரெண்டு சுத்து விட்டா அடங்கிரும்."

"அடங்கப் போறது என் பொழப்புதான். கழட்டிப் பாருங்க."

கழற்றினால், உள்ளேயிருந்த ரப்பர் வாஷர் நசுங்கிக் கிழிந்து கிடந்தது. அந்த அளவில் வாஷர் ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. முகம் செத்துப்போன பொன்னுவேலின் பார்வை ஞானம்மாவின் காலில் போய் நின்றது.

"யக்கா, அந்த ரப்பர் செருப்பு..."

"போன சந்தையிலதான் வாங்குனேன்!"

"மெஷின் வேணுமா, செருப்பு வேணுமா?"

ஒன்றைக் கழற்றி அவன் முன்னால் போட்டாள். குதிகால் பக்கம் வட்டமாக வெட்டி, நடுவில் துளைபோட்டு, ஓஸுக்குள் வைத்தான். பழக்கம் விடுமா, கை தன்னால் ஸ்பேனரைத் தேடியது. ஞானம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வெரசா எந்திரிங்கக்கா."

"மாட்டேன். கையாலயே திருகுங்க. கை நிக்கிற எடத்துல நிப்பாட்டுங்க."

முணுமுணுத்துக்கொண்டே திருகினான். வால்வைத் திறந்தான். இருவரும் தரையோடு குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. சேனாதிபதி வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். லாரி வரவில்லை.

அந்த மழைக்காலம் முடியுமுன் ஞானம்மாவின் கை ஆறிவிட்டது. அட்டுவம்பட்டிப் பக்கம் மெஷின் வாங்கிய வீடுகளெல்லாம், ஒழுகாமல் மாட்டுகிறவன் என்று பொன்னுவேலைக் கூப்பிட ஆரம்பித்தன. வயதாகிவிட்ட பொன்னுவேல் இப்போது பெருமாள்மலையில் மகள் வீட்டில் இருக்கிறார்.