சரளாவின் வேன் நிற்கும் இடங்கள்

சுங்கை ஊரைத் தாண்டியதும், வேனை ஓட்டிக்கொண்டிருந்த சரளா பின்னால் இருந்த தம்பியிடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “இங்க வேணாம், தண்ணி வராது. பீடோர்ல கொய்யாக் கடைக்குப் பின்னால ஒரு டாய்லெட் இருக்கு. தாழ்ப்பா நல்லாருக்கும்.”

வயது நாற்பத்தாறு. மலேசியாவில், சிலிம் ரிவர் என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஆறு வருடங்களுக்கு முன் ஈப்போவில் அவளுடைய பெருங்குடலை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உட்சுவரெங்கும் நூற்றுக்கணக்கில் சதைமொட்டுகள், விட்டுவைத்தால் புற்றாகிவிடும். பரம்பரை நோய். அப்பா இராமசாமி அதில்தான் நாற்பத்து மூன்று வயதில் போனார். சரளாவுக்குச் சிறுகுடலின் நுனியை மடித்துப் பைபோல் தைத்து உள்ளேயே பொருத்தியிருக்கிறார்கள்.

“டாக்டர் சுருக்குப்பை தைச்சி வச்சிருக்காரு. நம்ம டெய்லர விட நல்ல தையல்லா.”

அந்தப் பை ஒரு நாளைக்கு ஆறு முறை அழைக்கும். அதனால் சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவரை எல்லாக் கழிப்பறைகளுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறாள். தாழ்ப்பாள் இல்லாத கதவைக் கட்ட வேனில் ஒரு முழக் கயிறு. மீன் கறியை விடவில்லை. “மொளகா மட்டும் மறுநா பேசும்.”

தம்பி சுரேன் எண்ணெய்ப்பனை ஆலையில் வேலை செய்கிறான். அவனும் குடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். போன வருடம் இரண்டு முறை ஈப்போ மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு முறையும் பெயரைக் கூப்பிடுமுன் நழுவி பஸ் ஏறிவிட்டான். இந்தப் பள்ளி விடுமுறையில், குடலைக் கழுவும் மருந்தைத் தன் கண்முன்னே குடிக்கவைத்து வேனில் ஏற்றினாள்.

“அக்கா, நிப்பாட்டு.”

“பொறுடா, தாப்பா பெட்ரோல் ஸ்டேஷன் வந்துருச்சி. பத்துக்கு ஒம்போது.”

“மார்க்க யாரு கேட்டா? நிப்பாட்டுலா.”

திரும்பி வந்தவன் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு. “சோப்பு கூட இருக்குக்கா. ஏன் ஒரு மார்க் கொறச்ச?”

“ஃபேன் இல்லல்ல.”

கம்பார் ஊரைத் தாண்டியதும் கேட்டான்: “மொட்டு இருந்தா எனக்கும் அறுப்பாங்களா?”

“அறுப்பாங்க. அப்புறம் நீயும் மார்க் போட்டுக்கிட்டுத் திரிவ. அப்பா வயச நான் தாண்டி மூணு வருஷம் ஆச்சிடா.”

ஈப்போவில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார் தாதி. கதவு சாத்தியதும் சரளா அந்த இரண்டு செருப்புகளையும் எடுத்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகே, பையை மார்போடு அணைத்தபடி, கழிப்பறையைத் தேடி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.